உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் போதைப் பழக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. பெற்றோர் பதறிக் கேட்பது, ஆசிரியர்கள் கேட்பது, மாணவர்களே தயங்கித் தயங்கிக் கேட்பது எல்லாம் இதில் கலந்திருக்கிறது. மது, சிகரெட், வேப் எனும் மின் சிகரெட், கஞ்சா, மாத்திரை, முகரும் பசை, தின்னர் எல்லாவற்றையும் சேர்த்தே இங்கே போதை என்று சொல்கிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் கூடிக்கொண்டே போகிறதா?

பல ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும் நாடுகளைப் பார்த்தால், பெரும்பாலான பொருள்களில் குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பதிவு செய்கிறது. 1997இல் அவர்களில் நான்கில் மூன்று பேர் முந்தைய ஓராண்டுக்குள் மது குடித்திருந்தார்கள். 2024இல் அது 42 விழுக்காடு. சிகரெட்டில் சரிவு இன்னும் பெரிது. முந்தைய ஒரு மாதத்தில் புகைத்தவர்கள் 1997இல் 36 விழுக்காட்டுக்கும் மேல். 2024இல் 3 விழுக்காட்டுக்கும் கீழ். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது மாணவர்களின் போதைப் பயன்பாடு சட்டென்று இறங்கியது. பள்ளி திறந்ததும் பழையபடி ஏறிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஏறவில்லை.

இதில் ஒரு குறை உண்டு. இத்தகைய கணக்கெடுப்புகள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் எடுக்கப்படுபவை. படிப்பை நிறுத்தியவர்கள், அடிக்கடி வராதவர்கள் கணக்கில் விட்டுப்போகிறார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஆனாலும் இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். "எல்லாரும்தான் செய்கிறார்கள்" என்ற நம்பிக்கை ஒரு பிள்ளையைத் தொடங்க வைக்கும் பெரிய காரணங்களில் ஒன்று. வகுப்பில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று கேட்டால், மாணவர்கள் உண்மையைவிடக் கூட்டியே சொல்வார்கள் என்பது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம். தொடாமல் இருக்கும் பிள்ளை தான் மட்டும் தனி என்று நினைத்துக்கொள்கிறது. உண்மையில் கூட்டம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

குறைந்திருக்கிறது என்றால் இவ்வளவு கவலை எதற்கு?

எடுப்பவர்கள் குறைந்தாலும், எடுக்கும் பொருள் முன்னைவிடக் கடுமையாகிவிட்டது. அமெரிக்காவில் 2019க்கும் 2020க்கும் இடையே, அதாவது பயன்பாடு கூடாத அதே காலத்தில், 14 முதல் 18 வயதுக்குள் அளவு மீறிய போதையால் இறந்தவர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. காரணம் ஃபென்டானில். மார்ஃபினைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வீரியம் கொண்ட இந்தச் செயற்கை மருந்தைக் கலந்து போலி மாத்திரைகள் செய்கிறார்கள். வலி மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கவனக்குறைவுக்கான மாத்திரை என்று அசலைப் போலவே நிறம், அச்சு எல்லாம் இருக்கும். சமூக ஊடகத்தில் அறிமுகமான ஒருவரிடம் வாங்கி, பரீட்சைக்கு முந்தின இரவு விழித்துப் படிக்க ஒன்று போட்டுக்கொண்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் தாங்கள் எடுத்தது ஃபென்டானில் என்று அறியாமலே போனவர்கள்.

முன்பெல்லாம் ஒரு முறை தப்பு செய்த பிள்ளைக்கு யோசிக்க, திருந்த, வளர அவகாசம் இருந்தது. இந்த மாத்திரைகள் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. மருந்துக்கடையில், மருத்துவர் சீட்டின் பேரில், தன் பெயருக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரை தவிர வேறு எதையும், நண்பன் கொடுத்தாலும் விழுங்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் காரணத்தோடு சொல்லியாக வேண்டும்.

வேப்பில் வருவது வெறும் ஆவிதானே?

தண்ணீர் ஆவி என்று நினைத்துத்தான் பலர் தொடங்குகிறார்கள். அதில் வருவது நிகோடின், கரைப்பான்கள், வாசனைப் பொருள்கள், நுண்துகள்கள் எல்லாம் சேர்ந்த புகைமூட்டம். நிகோடினை உப்பு வடிவத்துக்கு மாற்றியதுதான் பெரிய திருப்பம். சாதாரண நிகோடின் தொண்டையை எரிக்கும். முதல் சிகரெட்டில் இருமி, வேண்டாம் என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். உப்பு வடிவத்தில் அந்த எரிச்சல் குறைவு. பழச்சுவையும் சேர்ந்துகொண்டதால், ஒரு பாக்கெட் சிகரெட் அளவு நிகோடினை ஒரு சிறு குப்பியிலிருந்து இருமாமல் இழுத்துவிட முடிகிறது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2019இல் 27.5 விழுக்காடு பேர் அந்த மாதத்தில் வேப் பயன்படுத்தியிருந்தார்கள். 2024இல் அது 7.8 ஆக இறங்கியது. ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா பகுதிகளில் உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்விலோ 15 வயதினரில் ஐந்தில் ஒருவர் முந்தைய 30 நாளில் வேப் இழுத்திருந்தார்கள். இந்தியா 2019இல் மின் சிகரெட் விற்பனையையே தடை செய்தது. பிரிட்டன் 2025 ஜூனில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் வேப்களை மட்டும் தடை செய்தது. இதற்கிடையே உதட்டுக்கடியில் வைக்கும் நிகோடின் பொட்டலங்கள் மேலே வருகின்றன. புகையும் வாசனையும் இல்லாததால் வகுப்பில் பாடம் நடக்கும்போதே வைத்துக்கொள்ள முடிகிறது.

வேப்பில் கஞ்சா எண்ணெயையும் போடுகிறார்கள். 2019இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களிடையே திடீரென நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்; 68 பேர் இறந்தார்கள். கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

கஞ்சா இயற்கைச் செடிதானே, மதுவைவிடப் பரவாயில்லை என்கிறான் என் மகன். என்ன பதில் சொல்வது?

செடி அதேதான், ஆனால் வீரியம் மாறிவிட்டது. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவைச் சோதித்தபோது, போதை தரும் டிஎச்சி 1995இல் சுமார் 4 விழுக்காடு இருந்தது. இப்போது 15 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சாறாக இறுக்கியெடுத்தவற்றில் 60க்கும் மேல். முந்தைய தலைமுறை கண்ட கஞ்சாவின் அனுபவத்தை வைத்து இதை எடைபோட முடியாது.

பதின்ம வயதில் கஞ்சாவைத் தொடங்குபவர்களில் சுமார் ஆறில் ஒருவர் அதை விட முடியாத நிலைக்குப் போகிறார். வீரியமான கஞ்சாவை அடிக்கடி எடுப்பவர்களுக்கு, அதுவும் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால், இல்லாத குரல் கேட்பது, யாரோ துரத்துவதாகச் சந்தேகப்படுவது போன்ற மனநோய் அறிகுறிகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி ஒரு நோய் குடும்பத்தில் உண்டென்றால் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அது அவனுக்குத் தெரிய வேண்டிய தகவல்.

புத்திக்கூர்மை குறையுமா என்றும் கேட்பார்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வு ஒன்று, பதின்ம வயதில் தொடங்கிப் பல ஆண்டுகள் விடாமல் எடுத்தவர்களுக்கு 38 வயதுக்குள் அறிவுத்திறன் மதிப்பெண் 8 புள்ளி வரை இறங்கியதாகச் சொன்னது. பின்னால் இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள், அந்த இறக்கத்தில் குடும்பச் சூழலின் பங்கும் இருக்கலாம் என்று காட்டின. இரண்டையும் சேர்த்தே மகனிடம் சொல்லுங்கள். மிகைப்படுத்திச் சொல்லி, அவன் இணையத்தில் தேடி அது தப்பு என்று கண்டுபிடித்தால், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

பெரியவர்களும்தான் குடிக்கிறார்கள். 16 வயதில் மட்டும் என்ன தனி ஆபத்து?

மூளை 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சிக்கு வருகிறது. இன்பத்தையும் கிளர்ச்சியையும் தேடும் பகுதிகள் பதின்ம வயதிலேயே சுறுசுறுப்பாகிவிடும். விளைவை யோசித்து நிதானிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி கடைசியில்தான் முதிரும். அந்த இடைவெளியில்தான் உயர்நிலைப் பள்ளிப் பருவம் விழுகிறது. மேலும், மூளை தன் இணைப்புகளைப் பழக்கத்துக்கேற்ப வலுப்படுத்திக்கொள்ளும் காலம் அது. பாட்டும் கணக்கும் சீக்கிரம் பதிவது போலவே போதையும் சீக்கிரம் பதிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1990களில் எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 விழுக்காடு பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 விழுக்காடு. சீக்கிரம் தொடங்கும் பிள்ளைகளுக்கு வேறு பிரச்சினைகளும் இருந்திருக்கலாம். அதனால் வித்தியாசம் முழுவதையும் வயதின் மேல் போட முடியாது. ஆனாலும் பெற்றோரும் பள்ளியும் செய்யக்கூடியவற்றில் தள்ளிப்போட வைப்பதுதான் முதன்மையானது என்பது என் கருத்து. "வாழ்நாள் முழுக்கத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்" என்பதைவிட "இப்போது வேண்டாம்" என்பது ஒரு 15 வயதுப் பிள்ளையால் காப்பாற்ற முடிகிற வார்த்தை. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் லாபம்தான்.

வெளியே போய்க் கெட்டுப்போவதற்கு, வீட்டிலேயே நம் கண்முன் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் என்ன?

நல்ல எண்ணத்தில்தான் இதைச் செய்கிறார்கள். பலன் எதிர்மாறாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை 12 வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோர் மது கொடுத்த பிள்ளைகளுக்கு அது எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. வெளியிலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புதான் கூடியது. கொடுக்காதீர்கள்.

பசை, தின்னர், ஒயிட்னர் முகர்வது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுத்தனம்தானே?

இல்லவே இல்லை. மற்ற போதைகள் வயது ஏற ஏறக் கூடும். இது மட்டும் சின்ன வகுப்புகளில் அதிகமாக இருக்கும். இந்தியாவில் 2019இல் வெளியான தேசிய ஆய்விலும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்த ஒரே வகை இதுதான். கையில் எளிதாகக் கிடைப்பதுதான் காரணம். முதல் முறை முகரும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேரலாம். தொடர்ந்து முகர்ந்தால் நரம்பும் மூளையும் சிதைகின்றன. உடையில் ரசாயன வாடை, வாயையும் மூக்கையும் சுற்றிப் புண், ஒளித்து வைத்த நனைந்த துணி இவற்றைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

படிப்பை எப்படிப் பாதிக்கிறது?

மதிப்பெண் குறைவது கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன் தூக்கம் கெடும். நிகோடின் தூக்கத்தைத் தள்ளிப்போடும், மது நடு இரவில் எழுப்பிவிடும், கஞ்சா மறுநாள் மந்தமாக்கும். புதிதாகப் படித்தது நினைவில் தங்காது. நிகோடினுக்குப் பழகிய பிள்ளைக்கு இரண்டு பாடவேளை தாண்டுவதே சிரமம். எரிச்சல் வரும், கவனம் சிதறும், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கும். ஆசிரியர் கண்ணுக்கு அது திமிராகத் தெரியும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. படிப்பில் பின்தங்கி, வகுப்பில் அவமானப்பட்டு, பள்ளியோடு ஒட்டுதல் விட்டுப்போன பிள்ளை போதைப் பக்கம் நகர்கிறது. எது முதலில் வந்தது என்று விசாரிக்கத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

பையைச் சோதிக்கலாமா? வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா?

நடத்தை மாறியதை முதலில் கவனியுங்கள். பழைய நண்பர்கள் காணாமல் போவது, பிடித்த விளையாட்டைத் திடீரென்று விடுவது, பணம் குறைவது, தூங்கும் நேரம் தலைகீழாவது. இவை ஒவ்வொன்றும் வளரும் வயதின் இயல்பாகவும் இருக்கலாம்; மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து சில வாரம் நீடித்தால் பேச வேண்டிய நேரம்.

உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தால் பையைப் பாருங்கள், அது உங்கள் கடமை. சிறுநீர்ச் சோதனை வேறு விஷயம். கடையில் வாங்கும் அட்டைகள் ஃபென்டானிலையும் பல புதிய போதைப்பொருள்களையும் காட்டாமல் போகலாம்; சாதாரண மருந்துக்கும் தவறாக "உண்டு" என்று காட்டலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பள்ளிகளில் மாணவர்களுக்குப் பரவலாகச் சோதனை நடத்துவதை எதிர்க்கிறது. சோதனை தேவையா என்பதை ஒரு மருத்துவர் பிள்ளையோடும் பேசி முடிவு செய்யட்டும்.

கண்டுபிடித்துவிட்டேன். இன்று இரவு என்ன செய்வது?

பிள்ளை போதையில் இருந்தால் இன்று இரவு பேச்சு வேண்டாம். பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தெளிந்த பிறகு, அம்மா அப்பா இருவரும் சேர்ந்து முற்றுகையிடாமல், ஒருவர் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இருக்காது. "எப்போதிலிருந்து? எடுத்தால் என்ன மாதிரி இருக்கிறது? எடுக்காவிட்டால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்வியின் பதிலில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, வகுப்பில் என்னை ஒதுக்குகிறார்கள், வீட்டில் நீங்கள் போடும் சண்டை தாங்கவில்லை. கேட்கக் கசப்பாக இருந்தாலும் குறுக்கே பேசாதீர்கள்.

அடிக்காதீர்கள். உறவினர் எல்லாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை ஆபத்தில் இருக்கும்போது உங்களுக்குப் போன் செய்யலாமா வேண்டாமா என்பதைப் பிள்ளை இந்த ஒரு பேச்சை வைத்துத்தான் முடிவு செய்யும். அதற்காகக் கண்டிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே போகும் நேரம், கையில் கொடுக்கும் பணம், யாரோடு போகிறது என்பதற்கெல்லாம் தெளிவான எல்லை வைக்கலாம். அப்புறம் அந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ கூட்டிப்போங்கள்.

பிடிபட்ட மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்கினால் மற்றவர்கள் பயப்பட மாட்டார்களா?

மற்றவர்கள் கற்றுக்கொள்வது மறைப்பதற்குத்தான். நீக்கப்பட்டவனோ நாள் முழுக்கக் கண்காணிப்பில்லாமல், போதையில் இருப்பவர்களோடு சேர்ந்துகொள்கிறான். விற்பவனைப் பள்ளிக்குள் விடக் கூடாது என்பது நியாயம். பழகிப்போனவனை அதே தட்டில் வைப்பது நியாயமில்லை.

பயமுறுத்தும் சொற்பொழிவுகளும் பெரிதாக உதவுவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 1983இல் தொடங்கிய டேர் திட்டத்தில் காவலர்கள் வகுப்புக்கு வந்து போதையின் தீமையைச் சொன்னார்கள். பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் மிகவும் பிடித்த திட்டம். ஆனால் ஆய்வுக்கு மேல் ஆய்வாக, அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் போதைப் பயன்பாட்டில் நிலைத்த வித்தியாசம் இல்லை என்றே வந்தது. கடைசியில் அவர்களே பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 விழுக்காடு பேர் முந்தைய மாதத்தில் ஒரு முறையாவது போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23இலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் தொடர்ந்து கணக்கெடுத்து, முடிவை அந்தந்த ஊருக்கே சீக்கிரம் கொடுத்தார்கள். மாலை நேரத்தை விளையாட்டு, இசை, நடனத்தால் நிரப்பினார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டணத்துக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். 20 வயதுக்குக் கீழே மது விற்பனை இல்லை. இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு. பெற்றோர் ஒருவரோடொருவர் பேசி, தாங்களே மாலையில் தெருவில் நடந்து பார்த்துக்கொண்டார்கள். சின்ன நாடு, அப்படியே எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பது சரிதான். ஆனால் பிள்ளையின் மன உறுதியை மட்டும் நம்பாமல் அதைச் சுற்றியிருக்கும் மாலை நேரத்தை மாற்றியதுதான் அங்கே நடந்தது, அதை எந்தப் பள்ளியும் ஓரளவு செய்து பார்க்க முடியும்.

நண்பன் எதையோ எடுத்துவிட்டு மயங்கிக் கிடக்கிறான். சொன்னால் எல்லாரும் மாட்டிக்கொள்வோம். என்ன செய்வது?

அவசர ஊர்தியைக் கூப்பிடு. மாட்டிக்கொள்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிட்டுப் பார். எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, குறட்டை போலத் தொண்டையில் கரகரக்கிறது, உதடோ நகமோ நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் ஒரு நொடியும் காத்திருக்காதே. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகாது. மூச்சே இல்லையென்றால் போனில் அவர்கள் சொல்லச் சொல்ல மூச்சு கொடுப்பதையும் நெஞ்சை அழுத்துவதையும் செய். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தனியே விட்டுப் போகாதே. வாந்தி எடுக்க வைக்காதே, காப்பி கொடுக்காதே, குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதே. என்ன எடுத்தான் என்று தெரிந்தால் வருபவர்களிடம் மறைக்காமல் சொல். ஃபென்டானில், ஹெராயின் வகையாக இருந்தால் நலோக்சோன் என்ற மருந்து சில நிமிடத்தில் மூச்சைத் திருப்பும். அதன் பலன் சீக்கிரம் தீர்ந்துபோகும், அதனால் எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

விட முயன்றேன், முடியவில்லை. நான் அவ்வளவுதானா?

இல்லை. பெரும்பாலானவர்கள் ஒரே முயற்சியில் விடுவதில்லை. வேப் அல்லது சிகரெட் என்றால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை முதல் சில நாள்களில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரிதும் தணிந்துவிடும். ஓர் ஏக்கம் பொதுவாகச் சில நிமிடங்களில் கடந்துபோகும். அந்த நிமிடங்களுக்கு இடத்தை மாற்று, யாரிடமாவது பேசு. தினமும் குடிப்பவராகவோ தூக்க மாத்திரை வகையைத் தொடர்ந்து எடுப்பவராகவோ இருந்தால் மட்டும் தானாகச் சட்டென்று நிறுத்தாதே, வலிப்பு வரலாம். மருத்துவர் அளவைக் குறைத்துக் கொண்டுவருவார்.

வீட்டில் சொல்ல முடியாவிட்டால், உன்னைத் திட்டாமல் கேட்கக்கூடிய பெரியவர் ஒருவரை யோசித்துப் பார். ஆசிரியராகவோ, சித்தி மாமாவாகவோ, விளையாட்டுப் பயிற்சியாளராகவோ இருக்கலாம். "எனக்கு ஒரு விஷயத்தில் உதவி வேண்டும், வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்று தொடங்கினால் போதும். ஆலோசகரிடம் போனால், எதை ரகசியமாக வைத்திருப்பார், எதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள். அது உன் உரிமை. ஒருவர் சரியாகக் காது கொடுக்கவில்லை என்றால் இன்னொருவரிடம் போ.